மால்டா: பசித்த தீவும் ஒரு பதக்கத்தின் வரலாறும்



மத்தியதரைக் கடலின் வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். மேலே சிசிலித் தீவு. கீழே துனீசியா, லிபியா நாடுகளின் கடற்கரை. இரண்டுக்கும் நடுவே, பேனாவிலிருந்து தவறிச் சொட்டிய மைத்துளிகள் போன்று சில புள்ளிகள் தென்படுகின்றன அல்லவா? அவையே மால்டாத் தீவுகள். அனைத்தையும் சேர்த்தாலும் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். ஆறுகள் இல்லை, சொல்லத்தக்க காடும் இல்லை. தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லும், அக்கல்லால் எழுப்பிய வீடுகளும், கோட்டைகளும், மாதா கோவில்களும், நாற்புறமும் நீலக் கடலுமே அத்தீவின் காட்சி.

மக்கள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். எழுத்து ரோமன் எழுத்து. ஆயினும் அவர்கள் பேசுவதைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். ரொட்டிக்கு ‘ஹொப்ஸ்’ என்கின்றனர். அரபியின் ‘குப்ஸ்’ அது. எண்ணெய்க்கு ‘ஸெய்த்’, தண்ணீருக்கு ‘இல்மா’, உப்புக்கு ‘மெல்ஹ்’, கடலுக்கு ‘பஹர்’. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவதும் நம் மத்ரஸாச் சிறுவர்கள் எண்ணுவதற்கு வெகு நெருக்கம். கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரன்டான்’, ரமளானின் திரிபு. மாதா கோவிலில் இறைவனை அழைப்பதும் ‘அல்லா’ என்றே. அரபி இலக்கணம் போதிக்கும் எனக்கு இதனினும் சுவையான பாடம் வேறு கிடைக்குமா?

காரணம் வரலாற்றில் இருக்கிறது. கி.பி. 870இல் வடக்கு ஆப்பிரிக்காவின் அஃக்லபிய ஆட்சியாளர்கள் இத்தீவைக் கைப்பற்றினர். 1091இல் நார்மன் படை வந்தது. அதன் பின்னரும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை முஸ்லிம்கள் இங்கு வாழ்ந்தனர். பக்கத்துத் தீவான கோஸோவின் அருங்காட்சியகத்தில் ஒரு சலவைக்கல் இருக்கிறது. மைமூனா என்னும் பெண்மணியின் கப்ருக் கல் அது. ஹிஜ்ரி 569 ஷஃபான் 16இல், அதாவது கி.பி. 1174இல், அவர் இறையடி சேர்ந்ததைக் கூஃபி எழுத்து அழகுறச் சொல்கிறது. அவருடைய தந்தைக்கு ‘இப்னு அஸ்ஸூஸி’ என்றொரு பெயரும் உண்டு. துனீசியாவின் சூஸா நகரை நினைவூட்டும் பெயர். அந்தச் சூஸாக் கடற்கரை பின்னர் நம் கதையில் வரும்.

இனித் தலைநகர் வலெட்டாவுக்குச் செல்வோம். மேல் பரக்கா எனப்படும் பூங்காவின் மதில் ஓரத்தில் நின்றால் காலடியில் பெரிய துறைமுகம் விரிகிறது. துறைமுகத்தின் உட்கோடியில் உள்ள ஊரின் பெயர் மர்ஸா. ‘மர்ஸா’ என்றால் அரபியில் கப்பல் நங்கூரமிடும் இடம். திருக்குர்ஆனின் ஹூத் அத்தியாயத்தில் நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பல் நிலைகொள்வதைச் சொல்லும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததே. துறைமுக வாயிலில் புனித எல்மோ கோட்டை நிற்கிறது. 1565இல் உஸ்மானியப் படை முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை அது. புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் துர்குத் ரயீஸ் உயிரிழந்ததும் அம்முற்றுகையில்தான். அதை விரித்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும்.

இன்று அக்கோட்டைக்குள் தேசியப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இரண்டு பொருள்களின் முன் உங்களை நிறுத்த விரும்புகிறேன். ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளிச் சிலுவைப் பதக்கம். மற்றொன்று, ‘ஒஹாயோ’ என்று பொறித்த ஒரு கப்பலின் பெயர்ப்பலகை.

பதக்கத்தின் பெயர் ஜார்ஜ் கிராஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் நகரங்கள்மீது குண்டுமழை பொழிந்தபோது, படைவீரர் அல்லாதாரின் துணிவைப் பாராட்ட வேண்டுமென்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940 செப்டம்பரில் இதை ஏற்படுத்தினார். பதக்கம் என்றால் ஒரு மனிதரின் மார்பில் குத்துவதுதானே வழக்கம்? 1942 ஏப்ரல் 15 அன்று மன்னர் இதை ஒரு தீவு முழுமைக்கும் வழங்கினார். மால்டாவின் தேசியக் கொடியின் மூலையில் இன்றும் அதன் உருவம் இருக்கிறது. விடுதலை பெற்ற நாட்டின் கொடியில் அந்நிய மன்னரின் பதக்கம் எதற்கு என்று அங்கேயே கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். எனினும் அப்பதக்கம் எதற்காக வந்தது என்பதை அறிந்த பின் கேட்பது நல்லது.

மால்டா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் போரிடும் ஜெர்மானிய, இத்தாலியப் படைகளுக்குச் செல்லும் கப்பல்களை இங்கிருந்தே விமானங்களும் நீர்மூழ்கிகளும் தாக்கின. ஆகவே தீவை அடக்க எதிரிகள் முனைந்தனர். 1940 ஜூன் 11 அன்று முதல் குண்டு விழுந்தது. 1942 ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. மக்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அதற்குள் குடும்பம் நடத்தினர்.

குண்டிலிருந்து தப்பப் பாறை உண்டு. பசியிலிருந்து தப்ப எங்கே போவது? தீவில் விளைவது மக்களின் வாய்க்குப் போதாது. கோதுமை, எண்ணெய், மருந்து, விமானத்திற்குப் பெட்ரோல், விளக்குக்கு மண்ணெண்ணெய் ஆகிய அனைத்தும் கப்பலில் வந்தாக வேண்டும். 1942 மார்ச்சில் நான்கு சரக்குக் கப்பல்கள் புறப்பட்டன. ஒன்று கரைக்கு அருகில் மூழ்கியது. மற்றொன்று சேதமுற்று, சில நாள்களில் அழிந்தது. துறைமுகத்தை அடைந்த எஞ்சிய இரண்டும் அங்கேயே குண்டுக்கு இரையாயின. கொண்டுவந்த 26,000 டன் சரக்கில் ஏறத்தாழ 5,000 டன்தான் கரையேறியது. மக்களின் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில், மாவு மூட்டைகள் நீரில் அமிழ்ந்தன. ஜூனில் இரு திசைகளிலிருந்தும் 17 கப்பல்கள் முயன்றன. இரண்டே இரண்டுதான் வந்து சேர்ந்தன.

மே மாதம் முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு ரொட்டி ஏறத்தாழ 300 கிராம் என்றாயிற்று. வீட்டு அடுப்புக்கு எரிபொருள் இல்லாமையால் பொதுச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன; தாய்மார்கள் பாத்திரத்துடன் வரிசையில் நின்றனர். வாசகிகளே, அடுப்பு மூட்ட இயலாத வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படி நாளைக் கழித்திருப்பாள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கையிருப்பு தீரும் நாளை ஆட்சியாளர்கள் இரகசியமாகக் கணக்கிட்டு வைத்திருந்தனர். அந்நாள் வந்தால் தீவைச் சரணளிப்பதைத் தவிர வழியில்லை.

இந்நிலையில்தான் 1942 ஆகஸ்டில் ‘பெடஸ்டல்’ என்னும் பெயரில் 14 வணிகக் கப்பல்கள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து வந்தன. காவலுக்கு இரண்டு பெரும் போர்க்கப்பல்கள், விமானந்தாங்கிகள், முப்பதுக்கும் மேற்பட்ட நாசகாரிகள். அரசன் ஊர்வலம் போகும்போதும் இத்தனைக் காவல் இராது. காவல் மாவுக்கும் எண்ணெய்க்கும்! ஒவ்வொரு கப்பலிலும் எல்லாப் பொருளும் கலந்து ஏற்றப்பட்டன. ஒன்றிரண்டு மட்டுமே தப்பினாலும் தீவுக்கு அனைத்திலும் சிறிது கிடைக்க வேண்டுமென்ற முன்யோசனை அது. ஆனால் அதன் விளைவு, மாவு மூட்டைகளோடு பெட்ரோல் தகரங்களும் வெடிகுண்டுகளும் ஒரே கப்பலில். அதன்மேல் நின்றுதான் மாலுமிகள் வேலை செய்தனர்.

‘மாலுமி’ என்றேன். இச்சொல் நம் தமிழுக்கு எங்கிருந்து வந்தது, அறிவீர்களா? கடலில் வழி காட்டுபவரை அரபியர் ‘முஅல்லிம்’ என்பர். அதுவே மாலுமி ஆயிற்று. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரும், நடுக்கடலில் சுக்கான் திசை பார்ப்பவரும் பெயரளவில் உறவினர்கள். என் தொழிலுக்கு இந்த உறவில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆகஸ்டு 11 அன்று ‘ஈகிள்’ என்னும் விமானந்தாங்கி நான்கு டார்பிடோக்கள் பாய்ந்து சில நிமிடங்களில் மூழ்கியது. மறுநாள் மாலை முதல் சரக்குக் கப்பல்களின் முறை வந்தது. 13ஆம் நாள் காலை ‘வைமராமா’ என்னும் கப்பல் பெட்ரோலுடன் வெடித்துக் கடலையே தீக்காடாக்கியது. பின்னால் வந்த ‘மெல்போர்ன் ஸ்டார்’ விலக வழியின்றி அத்தீக்குள்ளேயே புகுந்து வெளிவந்தது. தங்கள் கப்பலே எரிகிறது என்றெண்ணிக் கடலில் குதித்தோரும் அதில் உண்டு. ‘லெட்பரி’ என்ற நாசகாரிக் கப்பல் அந்த நெருப்புக்குள் சென்று உயிருக்குப் போராடியவர்களைத் தூக்கி எடுத்தது. 14 கப்பல்களில் ஒன்பது மூழ்கின.

இனி ‘ஒஹாயோ’வைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1940இல் கட்டிய எண்ணெய்க் கப்பல். பிரிட்டன் பெற்றுத் தன் மாலுமிகளை ஏற்றியது. வயிறு நிறைய 11,000 டன்னுக்கும் மேற்பட்ட மண்ணெண்ணெயும் எரிஎண்ணெய்களும். தலைவர், நாற்பது வயதான கேப்டன் டட்லி மேசன். படைத்தளபதி அல்லர், சம்பளத்திற்குக் கப்பலோட்டும் வணிகக் கடற்படை அதிகாரி. தீவின் உயிர் இக்கப்பலில் இருந்தது என்பதை எதிரியும் அறிவான்.

12ஆம் நாள் மாலை ‘ஆக்ஸம்’ என்னும் இத்தாலிய நீர்மூழ்கியின் டார்பிடோ கப்பலின் விலாவைக் கிழித்தது. ஒரு வீடு நுழையும் அளவு ஓட்டை. தீயை அணைத்தனர், பொறியாளர்கள் இயந்திரத்தை மீண்டும் ஓடச் செய்தனர். மறுநாள் குண்டுகள் பக்கத்தில் விழுந்து விழுந்து கப்பலை உலுக்கின. சுட்டு வீழ்த்தப்பட்ட எதிரி விமானம் ஒன்று கப்பலின் தளத்திலேயே வந்து மோதியது. இறுதியில் கொதிகலன்கள் அவிந்தன. கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது. மாலுமிகளை இறக்கிக்கொண்டனர். பின் மீண்டும் ஏறினர், கயிறு கட்டி இழுத்தனர், கயிறு அறுந்தது, மீண்டும் கட்டினர். ஈற்றில் ‘பென்’, ‘பிராம்ஹம்’ என்னும் இரு நாசகாரிகளைக் கப்பலின் இருபக்கமும் சேர்த்துக் கட்டினார்கள். மயக்கமுற்றவனை இருவர் தோள்கொடுத்து நடத்திச் செல்வது போன்று, முதுகெலும்பு முறிந்து கடல்மட்டத்தோடு அமிழ்ந்துகொண்டிருந்த கப்பலை மெல்ல மெல்லக் கொண்டுவந்தனர்.

ஆகஸ்டு 15 காலை. மால்டா மக்களுக்கு அது மாதாவின் திருநாள். கோட்டை மதில்களிலும் நாம் நின்ற பரக்காப் பூங்காவிலும் மக்கள் திரண்டு நிற்க, ஒஹாயோ துறைமுகத்தினுள் நுழைந்தது. எண்ணெயை வெளியேற்றினார்கள், வெளியேற வெளியேற அது துறைமுகத்தின் அடித்தரையில் அமர்ந்தது. அக்கப்பல் தொடரை அம்மக்கள் இன்றும் ‘சாந்த மரிய்யாக் கப்பல்கள்’ என்றே நினைவுகூர்கின்றனர். ஐந்து கப்பல்கள் சேர்த்த சரக்கும் எண்ணெயும் நவம்பரில் அடுத்த தொடர் வரும்வரை தீவைத் தாங்கின. சரணாகதி நாள் வரவேயில்லை.

முன்னர்ச் சொன்ன துனீசியக் கடற்கரைக்கு இப்போது வருவோம். ‘பிரிஸ்பேன் ஸ்டார்’ முன்பகுதியில் டார்பிடோ தாக்கித் தொடரிலிருந்து பிரிந்துபோனது. அதன் தலைவர் கேப்டன் ரைலி, பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த துனீசியக் கரையை ஒட்டித் தனியே ஊர்ந்தார். பிரெஞ்சு அதிகாரிகள் ஏறிவந்து கப்பலைக் கரைக்குக் கொண்டுவரும்படி கூறினர். பீரங்கியைத் தொடாமல் நாவினாலேயே அவர்களை வசப்படுத்தித் திருப்பி அனுப்பிவிட்டு, இருளில் மால்டா நோக்கித் திரும்பினார் ரைலி. 14ஆம் நாள் வந்து சேர்ந்தார்.

இப்போது பதக்கங்கள். கேப்டன் மேசனுக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. தீவு பெற்ற அதே பதக்கம். ஆனால் அதே கப்பலின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் வைல்டுக்கும், ‘பிரிஸ்பேன் ஸ்டார்’ ரைலிக்கும், ‘மெல்போர்ன் ஸ்டார்’ தலைவர் மக்ஃபர்லேனுக்கும் கிடைத்தது டி.எஸ்.ஓ. என்னும் இராணுவ விருது. 1886 முதல் படை அதிகாரிகளுக்கென்றே இருந்த விருது அது. எதிரியின் தாக்குதலில் துணிவு காட்டும் வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கும் அதை வழங்கலாம் என்று 1942ஆம் ஆண்டில்தான் விதியை விரித்தனர். தரவரிசையில் ஜார்ஜ் கிராஸ் உயர்ந்தது. ஆகவே மேசனுக்குக் குறையொன்றும் வைக்கவில்லை. எனினும் ஒரே கப்பலில் ஒரே டார்பிடோவை எதிர்கொண்ட இருவரில் ஒருவர் குடிமகன், மற்றவர் படைவீரர் என்று பதக்கம் பிரிப்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

இது வெறும் சொல் விளையாட்டல்ல என்பதற்கு முதலாம் உலகப் போரில் சான்று இருக்கிறது. சார்லஸ் ஃப்ரையட் என்பவர் ‘பிரஸ்ஸல்ஸ்’ என்னும் வணிகக் கப்பலின் தலைவர். 1915 மார்ச்சில் தம்மைத் தாக்க வந்த ஜெர்மானிய நீர்மூழ்கியின்மீது கப்பலை மோதச் செலுத்தித் தப்பினார். அரசு பாராட்டித் தங்கக் கடிகாரம் அளித்தது. அச்செயலையும் அதில் பொறித்தது. மறு ஆண்டு ஜெர்மானியரிடம் பிடிபட்டபோது அக்கடிகாரமே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று! சீருடை இல்லாதவன் போரிட்டான் என்பது குற்றச்சாட்டு. 1916 ஜூலை 27 அன்று விசாரித்து அன்று மாலையே சுட்டுக் கொன்றனர். பரிசே பாசக்கயிறாவதும் உலகில் நடக்கிறது.

1917இல் ‘ஒட்டாக்கி’ என்னும் சரக்குக் கப்பல் ஒற்றைப் பீரங்கியுடன் ஜெர்மானியப் போர்க்கப்பலை எதிர்த்து மூழ்கியது. தலைவர் ஆர்ச்சிபால்டு பிஸ்ஸட் ஸ்மித் கப்பலுடன் மறைந்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்க விரும்பினர். ஆனால் குடிமகனுக்கு அது செல்லாது. என்ன செய்தனர் தெரியுமா? இறந்துபோன அவரைக் கடற்படை அதிகாரியாக நியமித்துவிட்டு, 1919இல் பதக்கம் வழங்கினர். இறந்த பின் வந்த உத்தியோகம்!

அமெரிக்கர் இதில் நேர்வழி கண்டனர் எனலாம். வணிகக் கப்பலோட்டிகளுக்கென்றே தனி வீரப்பதக்கம் வைத்திருந்தனர். பெடஸ்டலில் மூழ்கிய ‘சாந்தா எலிசா’ என்னும் அமெரிக்கக் கப்பலிலிருந்து உயிர் தப்பிய லார்சன் என்ற இளம் அதிகாரியும், டேல்ஸ் என்ற பயிற்சி மாணவரும், ஓய்வெடுக்கலாம் என்றிராமல் ஒஹாயோவில் ஏறி அதன் பீரங்கியை இயக்கினர். இருவருக்கும் அப்பதக்கம் கிடைத்தது.

அதிகாரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கப்பல் அதிகாரிகளால் மட்டுமா ஓடுகிறது? ஒஹாயோவின் எளிய மாலுமிகளுள்ளும் சிலர் பதக்கம் பெற்றனர். ஆனால் அப்போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் உழைத்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர். லஸ்கர்கள் என்று அழைப்பார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சில்ஹெட், சிட்டகாங், நவகாளி, கொங்கணக் கரைப் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள். அவர்களின் இடம் பெரும்பாலும் கப்பலின் அடிவயிற்றில், கரி அள்ளும் உலை வாயில். டார்பிடோ முதலில் பாய்வதும் அங்கேதான். ஆங்கிலேய மாலுமி பெற்ற ஊதியத்தில் சிறு பகுதியே இவர்களுக்கு. 1939இல் வேலைநிறுத்தம் செய்து சிறை சென்றோரும் உண்டு. டி.எஸ்.ஓ. அதிகாரிகளுக்கான விருது, அதிகாரியாகவே வைக்கப்படாதவர்க்கு அது எப்படி எட்டும்? சிலருக்குச் சிறு பதக்கங்கள் கிடைத்தன. பெரும்பாலோர்க்கு மண்ணறையும் இல்லை. ஏறத்தாழ 6,000 இந்திய வணிகக் கப்பலோட்டிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் புத்தகங்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. லண்டன் கோபுரத்தின் அருகே, டவர் ஹில் பூங்காவில், கடலில் மறைந்த வணிகக் கப்பலோட்டிகள் சுமார் 36,000 பேரின் பெயர்களை வெண்கலத்தில் பொறித்திருக்கின்றனர். ஒட்டாக்கியின் ஸ்மித் பெயர் அங்கே உண்டு. நம்மவர் பெயர்களைத் தேட வேண்டியது இங்கே, இந்தப் புத்தகங்களில்தான்.

வலெட்டாவில் இதையெல்லாம் பார்த்து முடித்தபின், நேரமிருந்தால் மர்ஸாவுக்கும் சென்று வாருங்கள். உஸ்மானியர் 1870களில் அமைத்த முஸ்லிம் மையவாடி ஒன்று, மினாராக்களும் குவிமாடங்களுமாக அங்கே இருக்கிறது. வழியெல்லாம் துறைமுகத்தின் நீர் உடன் வரும்.

ஒஹாயோ மறுபடி கடலோடவில்லை. இரண்டாக முறிந்த அதன் பகுதிகள் சில காலம் சரக்கு வைக்கவும், படைவீரர் தங்கவும் பயன்பட்டன. 1946 செப்டம்பர் 19 அன்று அவற்றை வெளிக்கடலுக்கு இழுத்துச் சென்று, பிரிட்டிஷ் நாசகாரி ஒன்றே பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தது. பெயர்ப்பலகையும் சுக்கான் சக்கரமும் மட்டும் கரையில் நின்றுவிட்டன.